மே மாதத்தை மட்டும் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்து டீயும் வடையும் கைக்கு வந்ததும் நம் பேச்சு எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? "ஜூன் முகாமிலே அப்படி அழுது ஜெபிச்ச பிள்ளை. இப்போ சபைக்கு வந்தா ஒண்ணுமே தோணலேங்கிறான்." பக்கத்தில் நிற்பவர் தலையாட்டுகிறார். உடனே பழி போட ஆள் தேடுகிறோம். கைப்பேசி, கூட்டாளிகள், உயர்நிலைப் பள்ளி, ஆங்கில ஆராதனை என்று ஊரெல்லாம் சுற்றுகிற பழி நம் வீட்டுக் கதவை மட்டும் தட்டுவதில்லை.

தட்டட்டும். ஒன்றும் தோன்றவில்லை என்றால் விசுவாசம் போய்விட்டது என்ற கணக்கை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? முகாம் முடிந்து பேருந்தைவிட்டு இறங்கியதுமே, "ஆண்டவர் தொட்டாரா?" என்று கேட்டது நாம்தான். தொட்டார் என்ற பிள்ளையைப் பற்றி ஊரில் இருக்கும் பாட்டிவரை போன் போட்டுச் சொன்னோம். "சும்மா இருந்துச்சு" என்ற பிள்ளைக்காக உபவாச ஜெபம் வைத்தோம். எந்தப் பதிலுக்கு மதிப்பெண் என்று அதற்குப் புரியாதா? சிங்கப்பூர்ப் பிள்ளை ஆயிற்றே.

மதிப்பெண் என்றதும் நினைவுக்கு வருகிறது. நவம்பர் கடைசியில் தொடக்கநிலை ஆறின் பிஎஸ்எல்இ தேர்வு முடிவுகள் வருகின்றன. அதில் எண் குறைந்தால்தான் சிறப்பு. ஒற்றை இலக்கத்தில் வாங்கினால் சபையில் சாட்சி, ஸ்தோத்திரக் காணிக்கை, கேக். இருபத்திரண்டு வாங்கிய வீட்டில் அந்த ஞாயிறு பார்த்து யாருக்கோ காய்ச்சல். தேவன் நல்லவர் என்பதற்கு நாம் காட்டும் ஆதாரம் தேர்வுத் தாளாக இருந்தால், தாள் மாறும்போது பிள்ளை என்ன முடிவுக்கு வரும்?

சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமயம் ஏதும் இல்லை என்று சொன்னவர்கள் 20.0 விழுக்காடு. 2010இல் அது 17.0. இளையரிடையே இன்னும் கூடுதல். இதை வாட்ஸ்அப்பில் திகிலோடு பகிர்கிறீர்கள். பகிர்ந்துவிட்டு, "இன்னைக்கு ஆராதனை எப்படி ஃபீல் ஆச்சு?" என்று அதே பிள்ளையிடம் போய்க் கேட்கிறீர்கள்.

1887இல் தொடங்கிய தமிழ் மெதடிஸ்ட் சபை, லிட்டில் இந்தியாவிலிருந்து சற்று நடந்தால் வரும் ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளுக்கு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மே 24 மனப்பாடம். 1738ஆம் ஆண்டு அந்த இரவில், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்துக்கு அவர் மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் நெஞ்சில் அனல் பரவியது. ஆண்டுதோறும் மே மாதத்தில் இதை நினைவுகூர்கிறோம். சரி.

ஜனவரி 4ஐ யாராவது நினைவுகூர்கிறோமா? அந்த இரவு கடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1739 ஜனவரி 4 அன்று அதே வெஸ்லி, தான் இப்போது கிறிஸ்தவனே அல்ல என்று நாட்குறிப்பில் எழுதினார். அன்பு இல்லை, சமாதானம் இல்லை, சந்தோஷம் இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து எழுதினார். எழுதியவர் ஊழியத்தை விட்டுப் போகவில்லை. அந்த ஏப்ரலிலேயே பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். இன்று உலகெங்கும் மெதடிஸ்ட் சபைகள் இருக்கின்றன என்றால், அதற்குப் பின்னால் மே மாதத்து அனலோடு அந்த ஜனவரியையும் தாண்டி நடந்த கால்கள் இருக்கின்றன.

அதற்கப்புறமாவது மனம் நிலைத்ததா? 1766இல், 63ஐத் தொடும் வயதில், தனக்கு தேவன்மேல் அன்பே இல்லை என்று தம்பி சார்லஸுக்குக் கடிதம் எழுதினார். அதில் சில இடங்களைச் சுருக்கெழுத்தில் எழுதிவைத்தார். பிறகும் ஏறக்குறைய 25 ஆண்டுகள் பிரசங்கித்தார். அந்தச் சுருக்கெழுத்துதான் என்னைக் குத்துகிறது. நம் வீட்டிலும் அப்பா அம்மாவின் வறண்ட நாட்கள் சுருக்கெழுத்தில்தானே இருக்கின்றன? சாட்சி மட்டும் உரத்த தமிழில்.

ஆஃபியர் ரோடு லூர்து மாதா ஆலயத்துக்குப் போகும் கத்தோலிக்க வீடுகளுக்கு அன்னை தெரேசாவின் கதை தெரிந்திருக்கும். 2007இல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தபோதுதான், ஏழைகள் நடுவே பணி தொடங்கிய காலம் முதல் கடைசிவரை, சிறு இடைவெளி தவிர, தேவன் பக்கத்தில் இருப்பதாகவே அவர் உணரவில்லை என்று உலகம் அறிந்தது. ஆனாலும் அன்றாட ஜெபத்தை அவர் விடவில்லை. வேதாகமமும் இதை மறைக்கவில்லை. 88ஆம் சங்கீதத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பலவற்றில் கடைசியிலாவது கொஞ்சம் வெளிச்சம் வரும். இது இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கர்த்தரைப் பார்த்துத்தான் பேசுகிறது. அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள். நாமோ 23ஐயும் 91ஐயும் விட்டு நகர்வதில்லை.

"மனசு இல்லாம வந்து உட்கார்றது வேஷம் இல்லையா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். மறதி நோயில் கிடக்கும் பாட்டியைப் பார்க்கச் சனிக்கிழமைதோறும் பிள்ளையை அழைத்துப் போகிறீர்கள். பாட்டிக்குப் பேரன் பெயர்கூடத் தெரிவதில்லை. திரும்பி வரும் ரயிலில், "இன்னைக்குப் பாசம் வந்துச்சா?" என்று கேட்கிறீர்களா? வராவிட்டால் அடுத்த சனிக்கிழமை போகாமல் இருக்கிறீர்களா?

ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்து, ஞாயிறு மட்டுமே ஓய்வு கிடைக்கும் தம்பிமார் பலர் தமிழ் ஆராதனைக்கு வருகிறார்கள். சமையல், சலவை, ஊருக்குப் போன், தேக்காவில் சாமான் எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் முடிய வேண்டும். விடுதியிலிருந்து பேருந்து மாறி மாறி வந்து பின்வரிசையில் அமர்கிறார்கள். பிரசங்கத்தின் பாதியில் சிலருக்குக் கண் சொக்கிவிடும். அடுத்த வாரமும் வந்து அதே இடத்தில் உட்கார்கிறார்கள். மேடையில் கண்ணீரோடு பாடுபவரைப் பிள்ளைக்குக் காட்டுகிறோமே, இவர்களை என்றைக்காவது காட்டினோமா?

குடும்ப ஜெபத்தில் ஒரு நாள், "எனக்கு இன்னைக்கு ஜெபிக்கவே பிடிக்கலை, ஆனாலும் உட்கார்ந்திருக்கேன்" என்று பிள்ளை காதில் விழும்படி சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பாட்டுக்குச் சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. ஆராதனையில் மட்டும் ஒன்றும் தோன்றாத பிள்ளை வேறு. சாப்பாடு, தூக்கம், கூட்டாளிகள், பந்து என்று எதிலுமே வாரக்கணக்கில் ஒன்றும் தோன்றாத பிள்ளை வேறு. இரண்டாவது பிள்ளையிடம் விசுவாசக் குறைவு என்று பிரசங்கம் செய்து வதைக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. போதகரிடமும் சொல்லுங்கள், ஆனால் அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடாதீர்கள்.

கடைசியாக, அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஆறுக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், இப்போதே துணைப்பாட வகுப்புக்கு இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஞாயிறு காலைதான் இடம் இருக்கிறது என்பார்கள், நீங்களும் ஓராண்டுதானே என்று ஓய்வுநாள் பள்ளியை நிறுத்துவீர்கள். பணம் கட்டுமுன் சனிக்கிழமைக்கு இடம் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஆசிரியரைப் பாருங்கள்.