எதிரே வருபவனுக்கும் கண் இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை.

போன மாதம் என்னோடு பணிபுரிந்த ஓவிய ஆசிரியரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். இடுப்பு எலும்பு முறிவு. வயது 68. இரவு எட்டு மணிக்கு அறந்தாங்கி - புதுக்கோட்டை சாலையில் மொபெட்டில் வந்திருக்கிறார். எதிரே ஒரு கார். "வெள்ளை வெளேர்னு ஒரு வெளிச்சம் சார், ரோடே காணோம்" என்றார். தார் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஓரத்தில் இறங்கி விழுந்துவிட்டார். கார் நிற்கவில்லை. தன்னால் ஒருவர் விழுந்தார் என்பதே ஓட்டியவருக்குத் தெரிந்திருக்காது. இடித்தால் சத்தம் கேட்கும். கண்ணைக் கூச வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. மருத்துவமனைச் சீட்டில் "தானாக விழுந்தது" என்று எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் என் அக்கா மகன் வந்தான். "மாமா, ஹாலஜனைக் கழற்றிட்டு செனான் கிட் போட்டுட்டேன். ராத்திரியில பகல் மாதிரி இருக்கு" என்றான் பெருமையாக. எனக்குச் சுருக்கென்றது.

"மாப்பிள்ளை, வண்டியை டிம்முல போட்டுட்டு இறங்கு" என்றேன். தெருவில் ஐம்பது அடி தள்ளி என் மொபெட்டை நிறுத்தி, காரைப் பார்த்தபடி அவனை உட்கார வைத்தேன். நான் பாதி தூரத்தில் சாலை ஓரமாக நின்றுகொண்டேன். ஒரு நிமிடம் கழித்து அவன் கேட்டான்: "மாமா, எங்க இருக்கீங்க?" இருபத்தைந்து அடியில் வேட்டி கட்டி நிற்கிறேன், அவனுக்குத் தெரியவில்லை. அவன் வயது 29. கண்ணில் ஒரு குறையும் இல்லை.

அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குப் போய்ச் சேரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். கண்மணி சிறுத்துவிடும், கண்வில்லை மஞ்சளாகிவிடும். புரை தொடங்கியிருந்தால் எதிர்வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறும். கூசிய கண் மறுபடி இருட்டுக்குப் பழகவும் நேரம் பிடிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் மூன்று விநாடியில் 50 மீட்டர் கடந்துவிடுவார். அந்த 50 மீட்டரையும் அவர் கண் தெரியாமல் கடக்கிறார்.

இப்போது பாடம். இடைநிலை ஆசிரியராக எட்டாம் வகுப்பில் ஆண்டுதோறும் குழியாடி படம் போட்டேன். "குவியத்தில் வைத்த விளக்கின் கதிர்கள் இணையாகச் செல்லும். எடுத்துக்காட்டு: வாகன முகப்பு விளக்கு." இரண்டு மதிப்பெண். அதோடு விட்டுவிட்டேன். டிம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. என் தவறுதான். இப்போது சொல்கிறேன்.

நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இருப்பது எச்4 ஹாலஜன் பல்பு. 60/55 வாட். அதற்குள் இரண்டு இழைகள். பிரைட்டுக்கான இழை குவியத்தில் இருக்கும். டிம்முக்கான இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் அடியில் சின்னக் கரண்டி போல ஓர் உலோகத் தகடு. அந்தத் தகடு கீழே போகும் ஒளியை மறைக்கிறது. ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் ஒளி பட்டு, சாலையை நோக்கிக் கீழே திரும்புகிறது. தகட்டின் ஒரு விளிம்பு சாய்ந்திருப்பதால் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் கூடுதல் தூரம் தெரியும். நடந்து போகிறவரை நாம் பார்ப்பது அதனால்தான். இழையின் இடத்தை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவையே வடிவமைத்திருக்கிறார்கள்.

செனான் விளக்கில் இழையே கிடையாது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு மின்வில் எரிகிறது. அதைப் பற்றவைக்க இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு வேண்டும். பலாஸ்ட் என்ற பெட்டி அதற்குத்தான். மின்வில்லின் வடிவமும் இடமும் வேறு. எச்4 டிம் தருவது சுமார் 1000 லூமென். 35 வாட் செனான் தருவது 3200 லூமென் வரை. மூன்று மடங்கு ஒளியை, அதற்காகச் செய்யப்படாத ரிஃப்ளெக்டருக்குள் திணித்தால், அது போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும். எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போகும்.

இனி உங்கள் வாதங்களுக்கு வருகிறேன்.

"வெளிநாட்டுக் காரில் செனான் கம்பெனியிலேயே வருகிறதே?" வருகிறது. 1991-ல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் காரில் முதலில் வந்தது. ஆனால் அங்கே விளக்குக் கூடு முழுவதும் செனானுக்காகவே செய்யப்பட்டது. 2000 லூமெனைத் தாண்டிய டிம் விளக்கு என்றால், பாரம் ஏறினாலும் ஒளி மேலே தூக்காமல் தானே சரிசெய்யும் அமைப்பும், விளக்குக் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொன்னது. உங்கள் கிட் டப்பாவில் இந்த இரண்டில் எது இருந்தது?

"கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிட்டேன், சார்." சிதறும் ஒளி இறங்காது. இறக்கியதால் உங்களுக்கும் நஷ்டம். வண்டிக்கு முன்னால் பத்தடி பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பில் உங்கள் கண்மணி சுருங்கி, தூரத்தில் நிற்கும் மாடு தெரியாது. பகல் மாதிரி இருக்கிறது என்று மனம் நம்பும். கால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்.

"8000 கெல்வின் போட்டிருக்கேன், பவர் அதிகம்." கெல்வின் என்பது நிறத்தின் அளவு, பவரின் அளவு அல்ல. நீலம் ஏற ஏற லூமென் குறையும். காசு கொடுத்து வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறீர்கள்.

"எல்லாரும் போடுகிறார்கள், நான் மட்டும் ஏன்?" வகுப்பில் இந்தப் பதிலைச் சொன்னவனை நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 106: 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்குக் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஒரு காலத்தில் லாரி, பஸ், கார் எல்லாவற்றின் முகப்பு விளக்கிலும் கறுப்புப் பொட்டு வைத்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? படிக்காத டிரைவர் அண்ணன்கூட எதிரே வருகிறவனுக்காக ஒரு பொட்டு வைத்தார்.

ஹாலஜன் கூட்டில் மாட்டும் எல்.இ.டி. பல்பு வாங்கியவர்கள் சிரிக்க வேண்டாம். அதற்கும் இதே கதைதான்.

உங்கள் குறை பொய் என்று சொல்லமாட்டேன். நம் சாலைகள் இருட்டுதான். பழைய காரின் விளக்கு மங்கல்தான். அதற்கு வழி இருக்கிறது.

மஞ்சளேறிய விளக்குக் கண்ணாடியைப் பாலிஷ் செய்யுங்கள். பழைய பல்புகள் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். அதே வாட், நல்ல தரம். 100/90 பக்கம் போகாதீர்கள், சூட்டில் ஒயரும் ரிஃப்ளெக்டரும் போகும். என்ஜின் ஓடும்போது பல்பு முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் 30 விழுக்காடு குறையும். ரிலே வைத்து நல்ல ஒயர் போட்டாலே பாதிப் பேருக்குக் குறை தீர்ந்துவிடும். பிறகு சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம்மைப் போடுங்கள். சுவரில் ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் உயரத்தைவிட ஏறத்தாழ 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டையும் இருந்தால், ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள விளக்கு இறக்கும் திருகை ஒரு எண் திருப்புங்கள். அது எதற்கு என்று தெரியாமலே பத்து வருடம் கார் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை கிட்டைக் கழற்றிவிட்டான். நேற்று போனில், "மாமா, நல்ல விலைக்கு ஒருத்தர் கேட்கிறார், கொடுத்துடட்டுமா?" என்றான்.

கொடுக்காதே என்றேன். உன் கார் மட்டும் திருந்தி என்ன பயன்? அதே வெளிச்சம் நாளைக்கு இன்னொரு காரில் வரும். எதிரே மொபெட்டில் நான் வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் சுவர்ச் சோதனை செய்துவிட்டுக் கீழே எழுதுங்கள். செய்யாதவர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்கவும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்