ஒரு அழுத்து... எத்தனை குண்டு? எது 'மெஷின் கன்'? அமெரிக்காவை பிளந்த ஒரு வரி வரையறை

2017 அக்டோபர் 1-ம் தேதி இரவு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், ஓட்டல் ஒன்றின் 32-வது மாடியில் இருந்து இசை நிகழ்ச்சிக் கூட்டத்தை நோக்கி ஒருவர் சுட்டார். சுமார் 10 நிமிடத்தில் 1,000-க்கும் மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. காயமடைந்து பின்னர் இறந்த இருவரையும் சேர்த்து, பலியானோர் 60 பேர்.

அவர் பயன்படுத்திய 'பம்ப் ஸ்டாக்' என்ற கருவியை மறு ஆண்டே அமெரிக்க அரசு தடை செய்தது. ஆனா, 2024 ஜூன் 14-ல் உச்ச நீதிமன்றம் அந்த தடையை ரத்து செய்துவிட்டது. காரணம், 'பம்ப் ஸ்டாக் பொருத்தினாலும் அது மெஷின் கன் இல்லை' என்பதுதான். இதைப் புரிஞ்சுக்க, முதலில் துப்பாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும்.

'ஆக்‌ஷன்' என்றால் என்ன?

தோட்டாவை உள்ளே ஏற்றுவது, பூட்டுவது, சுட்ட பிறகு காலி உறையை வெளியே தள்ளுவது. இந்த வேலைகளைச் செய்யும் பொறிமுறைக்குப் பெயர்தான் 'ஆக்‌ஷன்'. துப்பாக்கியின் வகையை முடிவு செய்வது இதுதான், தோற்றம் அல்ல.

• போல்ட் ஆக்‌ஷன்: ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியை கையால் இழுத்துத் தள்ள வேண்டும். இந்திய போலீஸார் பல ஆண்டுகள் தோளில் சுமந்த .303 ரைஃபிள் இந்த வகைதான்.

• பம்ப் ஆக்‌ஷன், லீவர் ஆக்‌ஷன்: இதிலும் கைதான் வேலை செய்யும். முன்னதில் குழலுக்குக் கீழே உள்ள பிடியை முன்னும் பின்னும் நகர்த்தணும்; பின்னதில் ட்ரிக்கரைச் சுற்றியுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றணும்.

• ரிவால்வர்: சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் முதலில் சுத்தியலை கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கணும். டபுள் ஆக்‌ஷனில் ட்ரிக்கரை அழுத்தினாலே இரண்டு வேலையும் முடிஞ்சுடும்.

• செமி ஆட்டோமேட்டிக்: சுட்டதில் கிடைக்கும் விசையே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். ஆனா ஒரு அழுத்துக்கு ஒரு குண்டுதான்.

• ஆட்டோமேட்டிக்: ட்ரிக்கரை அழுத்திப் பிடித்திருக்கும் வரை குண்டுகள் பாய்ந்துகொண்டே இருக்கும். இதுதான் மெஷின் கன்.

ஏஆர்-15 ரைஃபிளும் ராணுவத்தின் எம்-16 ரைஃபிளும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். முன்னது செமி ஆட்டோமேட்டிக். பின்னது ஆட்டோமேட்டிக்காகவும் சுடும்.

சிக்கல் எங்கே வந்தது?

'ட்ரிக்கரின் ஒரே இயக்கத்தில்', கையால் மீண்டும் ஏற்றாமல், தானாகவே ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடுவதே மெஷின் கன் என்கிறது அமெரிக்காவின் 1934-ம் ஆண்டு சட்டம். பம்ப் ஸ்டாக் பொருத்தினால், பின்னதிர்வில் துப்பாக்கி முன்னும் பின்னும் ஆடும். அசையாமல் இருக்கும் விரலில் ட்ரிக்கர் திரும்பத் திரும்ப வந்து மோதும். நிமிடத்துக்கு 400 முதல் 800 குண்டுகள் வரை போகும்.

இது ஒரே இயக்கமா, பல இயக்கமா? நீதிபதிகள் 6-3 என்று பிரிந்தனர்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிக்கர் விடுபட்டு, மீண்டும் அழுத்தப்படுகிறது. எனவே வேகம் எவ்வளவு இருந்தாலும் அது மெஷின் கன் ஆகாது என்றார். தீர்ப்பில் ட்ரிக்கரின் உள்பாகப் படங்களும் இடம்பெற்றன. மாற்றுத் தீர்ப்பு எழுதிய சோனியா சோட்டோமேயர், சுடுபவர் ஒருமுறை மட்டுமே ட்ரிக்கரை இழுக்கிறார், பிறகு முன்னோக்கி அழுத்தம் கொடுக்கிறார், அவ்வளவுதான். எனவே இது மெஷின் கன்தான் என்றார்.

ஒரு தரப்பு பார்த்தது இயந்திரத்தை. மறு தரப்பு பார்த்தது அதைப் பிடித்திருக்கும் மனிதனை.

இந்தியாவில் எப்படி?

இந்திய ஆயுதச் சட்டம், 1959-ம் ட்ரிக்கரை வைத்தே பேசுகிறது. ட்ரிக்கரில் அழுத்தம் கொடுத்தால், அதை எடுக்கும் வரை அல்லது மேகசின் காலியாகும் வரை குண்டுகள் தொடர்ந்து வெளியேறும்படி வடிவமைத்த, அல்லது மாற்றியமைத்த துப்பாக்கி 'தடை செய்யப்பட்ட ஆயுதம்'. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதை சட்டவிரோதமாக வைத்திருந்தால் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

அடுத்து என்ன?

அமெரிக்காவில் பம்ப் ஸ்டாக் மீதான தேசிய அளவிலான தடை இப்போது இல்லை. கலிஃபோர்னியா உள்ளிட்ட சில மாகாணங்கள் தனியாகத் தடை வைத்துள்ளன. நாடாளுமன்றம் நினைத்தால் சட்டத்தையே திருத்தலாம் என்று பெரும்பான்மை அணியில் இருந்த நீதிபதி சாமுவேல் அலிட்டோவே எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரி மாறாத வரை, இனி எந்தப் புதுக் கருவி வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: ட்ரிக்கர் எத்தனை முறை இயங்கியது?