கடுவனைக் கைவிடாதீர்கள்
சுங்கைப் பட்டாணி, பீடோங் பக்கத்துத் தோட்ட வீடுகளில், கடுவன் பூனை வாலைத் தூக்கி, நுனி நடுங்க, சுவரிலும் செருப்புத் தட்டிலும் மூத்திரம் பீய்ச்சினால், கோணியில் கட்டிப் பாசாரில் விட்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். மனம் பொறுக்கவில்லை. அது சேட்டையல்ல, ஆண் ஹார்மோன் செய்யும் வேலை. ஐந்தாறு மாதத்திலேயே விதைநீக்கம் செய்துவிட்டால் பத்தில் ஒன்பது கடுவன்கள் இந்தப் பழக்கத்துக்கே போவதில்லை. பழகிப்போன பெரிய பூனைக்கும் பெரும்பாலும் நின்றுவிடும், நாற்றமும் குறையும். மறுநாளே நிற்காது, சில வாரம் பொறுங்கள். பிறகும் தொடர்ந்தால், வெளிப்பூனை ஏதும் மிரட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டு மூத்திரமும் வராமல் முக்கினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அடைப்பு உயிரைக் குடித்துவிடும்.