தூக்குவது எண்ணெய், தாங்குவது இரும்பு

பைக் லிஃப்ட் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, ‘எத்தனை கிலோ தூக்கும்?’ என்றுதான். வீட்டிலேயே வண்டியைப் பிரித்துப் பார்க்கும் ஆசையுள்ள இளைஞர்கள் என்னிடம் வந்து கேட்பதும் அதையேதான். அதற்குப் பதில் சுலபம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. 650 சிசி இன்டர்செப்டரே சுமார் 220 கிலோதான். மேசை மாதிரியான லிஃப்டுகள் பெரும்பாலும் 300 கிலோவுக்கு மேல் தூக்கும். எடை இங்கே பிரச்சினையே இல்லை. தூக்கிய பிறகு அந்த வண்டியை எது தாங்கிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் பிரச்சினை.

திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே ஒரு விதி உண்டு. ஜாக்கி தூக்கிய எந்தச் சுமைக்கும் அடியில் கட்டையோ ஸ்டாண்டோ கொடுக்காமல் யாரும் கையை நுழைக்கக் கூடாது. அவசரம், பழக்கம், அனுபவம் என்று எந்தக் காரணமும் செல்லாது. அதே விதி நம் வீட்டுப் போர்டிகோவுக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காலால் பெடலை மிதிக்கும்போது சிறிய பிஸ்டன் எண்ணெயை அழுத்துகிறது. அந்த அழுத்தம் அகலமான பிஸ்டனின் பரப்பு முழுவதிலும் ஏறி, அதைப் பல மடங்கு விசையோடு தள்ளுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டுசொன்ன தத்துவம் இது. தூக்குவதற்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் தூக்கிய உயரத்தில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது என்ன? ஒரு ரப்பர் சீல், ஒரு சின்ன வால்வு, அவ்வளவுதான். சீல் காலப்போக்கில் தேயும், கெட்டிப்பட்டு வெடிக்கும். வால்வில் துளி இரும்புத் தூள் மாட்டினாலும் எண்ணெய் கசியும், மேசை இறங்கும். எப்போது, எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால்தான் லிஃப்டில் நான் முதலில் பார்ப்பது லாக்கை. நல்ல லிஃப்டில் மேசை ஏற ஏற, ஓர் இரும்புக் கொக்கி பல் பல்லாக விழுந்துகொண்டே வரும். வேண்டிய உயரம் வந்ததும் மேசையை லேசாக இறக்கிக் கொக்கியின் மேல் உட்கார வைத்துவிட்டால், அதற்குப் பிறகு எண்ணெய்க்கு வேலையில்லை. சில லிஃப்டுகளில் குறுக்கே செருகும் பின் மட்டுமே இருக்கும். பின் தடிமனாக இருந்தால் அதுவும் தாங்கும். ஆனால் அது நாம் மறக்காமல் செருகினால்தான் உண்டு. தானாக விழும் கொக்கி மறப்பதில்லை. கூடுதல் பணம் கொடுக்க வேண்டியிருந்தாலும் கொக்கி வைத்ததையே வாங்குங்கள் என்பது என் கட்சி. லாக்கே இல்லாததை இனாமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

மேசை லிஃப்ட் பெரிய செலவு என்று எண்ணி, இன்ஜினுக்கு அடியில் தள்ளித் தூக்கும் சின்ன கத்தரி ஜாக்கியைப் பலர் வாங்குகிறார்கள். இன்ஜினைச் சுற்றித் தொட்டில்போல அடியில் இரண்டு குழாய் ஓடும் சேஸ் என்றால் அது சரிவரும். இன்டர்செப்டரின் சேஸ் அப்படிப்பட்டது. நம் ஊரில் அதிகம் பாசத்தோடு வைத்திருக்கிற பழைய புல்லட் அப்படி இல்லை. முன்பக்கம் ஒற்றைக் குழாய் இறங்கி வந்து இன்ஜினோடு முடிந்துவிடும். மிச்சத்துக்கு இன்ஜினே சேஸின் ஒரு பகுதியாக நிற்கிறது. ஆகவே ஜாக்கியின் தட்டு போய் உட்காருவது குழாயில் அல்ல, அலுமினிய கிராங்க்கேஸில். முழு எடையும் அந்த வார்ப்பின் ஏதோ ஒரு விளிம்பில் விழுந்தால் அது விரியும். ஆயில் மாற்றும் டிரெயின் போல்ட்டும் அங்கேதான் இருக்கிறது. சமமாகச் சீவிய மரப்பலகை கொடுத்துத் தூக்கலாம்தான். ஆனாலும் இறுகிய ஆக்சில் நட்டை ஸ்பானர் போட்டு இழுக்கும்போது அந்தக் குறுகிய தட்டின் மேல் வண்டி ஆடும். இந்த வகை ஜாக்கி வைத்திருப்பவர்கள் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட்டு, பிறகு தூக்க வேண்டும். பின்சக்கரத்தை மட்டும் உயர்த்தும் பேடாக் ஸ்டாண்டு, சென்டர் ஸ்டாண்டு இல்லாத டியூக், ஆர்15 போன்ற வண்டிகளுக்கு வேண்டும். புல்லட்காரருக்கு அது தண்டச் செலவு.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். மேசை ஏழடி நீளம், இரண்டடி அகலம் என்று அளந்து, போர்டிகோவில் அந்த இடம் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வார்கள். வண்டியை மேசைமேல் ஏற்ற, பின்னால் இன்னோர் ஏழடி நேராக வேண்டாமா? கேட்டுக்குள் நுழைந்ததும் திரும்ப வேண்டிய வீடுகளில் இது முடியாத காரியம். சாய்ந்த சட்டங்கள் தூக்குகிற வகையில் மேசை நேராக மேலே போகாது, வளைந்து முன்னாலோ பின்னாலோ நகரும். சுவரை ஒட்டி வைத்தால் இடிக்கும். தரையில் டைல்ஸ் போட்டிருந்தால், லிஃப்டின் நான்கு கால்களுக்கும் அடியில் கனமான பலகை கொடுப்பது நல்லது.

முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பு இல்லாத மேசை எனக்குப் பாதி மேசைதான். அதோடு ஹேண்டிலின் இரு பக்கமும் பெல்ட் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றினால் வண்டியின் எடை முன்னால் சாயும், ஃபோர்க்கைக் கழற்றினால் பின்னால் சாயும். அப்போது காப்பாற்றுவது இந்தக் கட்டுதான். பின்சக்கரம் நிற்கும் இடத்தில் தகட்டைத் தனியாகக் கழற்றும்படி செய்திருந்தால், சக்கரத்தைக் கீழ்வழியாகவே எடுத்துவிடலாம். காற்றில் ஏறும் லிஃப்டும் கரண்டில் ஏறும் லிஃப்டும் நாள்தோறும் வண்டி வரும் சர்வீஸ் சென்டருக்கு ஆகும். வீட்டுக்கு மிதிக்கும் பெடலே போதும்.

எங்கள் பக்கம் துவாக்குடியில் வெல்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. படத்தைக் காட்டினால் மலிவாகச் செய்து தருவார்கள். ஆங்கிளும் தகடும் வலுவாகவே போடுவார்கள், வெல்டிங்கும் சுத்தமாக இருக்கும். குறை வைக்கும் இடம், சட்டங்கள் சேரும் பின்களும் புஷ்களும். அங்கே ஆட்டம் இருந்தால் மேலே வண்டி இரண்டு விரற்கடை ஆடும். செய்யச் சொல்பவர்கள் அந்தப் பின்களை லேத்தில் கடைந்து போடச் சொல்லி, எதிரில் நின்று பார்த்து வாங்க வேண்டும்.

தெருமுனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே ஆயுள் முழுக்க வேலை செய்யும் மெக்கானிக் தம்பிகளுக்கும் இதைச் சொல்கிறேன். முழங்காலும் இடுப்பும் நாற்பது வயதில் பதில் கேட்கும். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் ரூ.50,000 வரையிலான சிறு கடனுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கம்ப்ரஸருக்குக் கடன் கேட்பதைப் போலவே லிஃப்டுக்கும் கேளுங்கள்.

வாங்கும் நாளில் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் வண்டியையே ஏற்றி, பெல்ட் கட்டி, முழு உயரத்துக்குத் தூக்கி, லாக்கில் உட்கார வையுங்கள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ரிலீஸ் வால்வை முழுதாகத் திறந்துவிடுங்கள். மேசை இருந்த இடத்தில் அப்படியே நின்றால் பணத்தைக் கொடுக்கலாம். ஒரு விரற்கடை இறங்கினாலும், கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும், வாங்க வேண்டாம்.