தரங்கம்பாடிக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள்

புதிய ரயில் பாதைகளுக்குக் கையெழுத்திடும் பொறுப்பில் இருக்கும் ஐயா அவர்களுக்கு,

வண்டலூரிலிருந்து எழுதுகிறேன். மனுக்களாக எழுதியதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். விதிகள் உங்களுக்குத் தெரியும். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்பதும் தெரியும். எனவே ஒரே ஒரு பயணத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

தரங்கம்பாடியில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். கல்லூரி நாளிலிருந்து பழக்கம். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவருக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை என்பதால் நான்தான் போய்வர வேண்டும். வண்டலூரில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போய், அங்கே சோழன் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விழுப்புரம், கடலூர், சிதம்பரம் கடந்து மயிலாடுதுறை. அதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்குமேல் ரயில் இல்லை. ஜங்ஷனில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடி, பேருந்து நிலையத்தில் காத்திருந்து, கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, இடம் கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்து நின்றபடியே போக வேண்டும். எழுபது வயதுக் கால்களுக்கு அந்தக் கடைசி 30 கிலோமீட்டர்தான் மொத்தப் பயணத்தையும்விட நீளம்.

ரயில் இல்லை என்று சொன்னேன். இருந்தது என்பதுதான் முழு உண்மை. 1926-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று ஊர் ஊராக நின்று தரங்கம்பாடிக்குப் போகும். இளவயதில் அந்த ரயிலில்தான் நண்பரைப் பார்க்கப் போனேன். 1986-ல் அதை நிறுத்தினார்கள். அறுபது வயது நிறைந்தவர்கள் நாடெங்குமிருந்து குடும்பத்தோடு வந்து மணிவிழா கொண்டாடும் தலம் திருக்கடையூர். அந்த ஊர் வழியே ஓடிய ரயிலை அதன் அறுபதாவது ஆண்டில் புதைத்தார்கள். எண்பது நிறைந்து சதாபிஷேகத்துக்கு வரும் தம்பதிகளும் இன்று மயிலாடுதுறையில் இறங்கித் தவிக்கிறார்கள். அவர்களாவது உங்கள் கண்ணில் பட்டார்களா?

அந்தப் பாதையில் வருமானம் இல்லை என்பீர்கள். காந்தி 1915-ல் சத்தியாக்கிரகி வள்ளியம்மையின் ஊரென்று தேடி வந்த தில்லையாடிக்கு ஆள் வரமாட்டார்களா? டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டிய, மதபோதகர் சீகன்பால்கு 1706-ல் வந்திறங்கிய, தமிழில் புதிய ஏற்பாடு அச்சான தரங்கம்பாடிக்கு ஆள் வரமாட்டார்களா? 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மீனவர் குப்பங்களுக்கு ஒரு ரயிலைத் தரக்கூட உங்கள் கணக்கு இடம் கொடுக்காதா?

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2025 ஏப்ரலில் பாம்பனில் கடல்மேல் இரண்டு கிலோமீட்டருக்குப் புதிய பாலம் திறந்து, தாம்பரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயில் விட்டீர்கள். மகிழ்ச்சிதான். அந்த ரயில் மயிலாடுதுறை வழியாகத்தான் போகிறது! கடலைத் தாண்டத் தெரிந்தவர்களுக்கு முப்பது கிலோமீட்டர் வயல்வெளி தடையா? பக்கத்திலேயே பேரளம்–காரைக்கால் பாதையும் மூடிக்கிடந்ததுதான். அந்த 23 கிலோமீட்டரை அகலப் பாதையாகத் திரும்பப் போட்டீர்கள். துறைமுகம் உள்ள ஊருக்குத் தண்டவாளம் திரும்பி வருகிறது. மனிதர்கள் மட்டும் உள்ள ஊருக்கு வருவதில்லை. இதுதான் உங்கள் நியாயமா?

இங்கிலாந்தில் 1963-க்குப் பிறகு சிறிய கிளைப் பாதைகளை வரிசையாக மூடினார்கள். கார்ன்வால் கரையில் லூ என்ற சிறிய கடற்கரை ஊரின் பாதையும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1966-ல், மூட இரண்டே வாரம் இருக்கையில், போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் அதைத் தடுத்தார். அந்த ஊரின் குறுகிய சாலைகள் கோடைக்காலக் கூட்டத்தைத் தாங்காது என்பது அவருக்குப் புரிந்தது. அங்கே இன்றும் ரயில் ஓடுகிறது. அந்த ஊரில் நண்பர் உள்ளவர்கள் ரயிலிலேயே போய் இறங்குகிறார்கள். ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு. உங்கள் கையிலும் பேனா இருக்கிறது.

நண்பனைப் பார்க்கப் போவதும், மகள் வீட்டுக்குப் போவதும், கோயிலுக்குப் போவதும் உங்கள் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியில் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ரயில் அதற்காகவும்தான். நிலக்கரியும் நெல்லும் மட்டும் போனால் போதுமென்றால் பெட்டிகளில் ஜன்னல் எதற்கு?

இனி ஆய்வு, மறு ஆய்வு என்று சொல்லாதீர்கள். முதியவர்களுக்கு அவ்வளவு காலம் இல்லை. ஒருமுறை உங்கள் தாயையோ தந்தையையோ அழைத்துக்கொண்டு, மயிலாடுதுறை ஜங்ஷனிலிருந்து தரங்கம்பாடி வரை எங்களைப்போலவே போய்ப் பாருங்கள். திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை உங்கள் மனசாட்சி சொல்லும். அது சொன்னதைச் செய்யுங்கள்; இந்தக் கடிதத்துக்குப் பதில்கூட எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
வண்டலூர் பயணி ஒருவன்