வீட்டுத் தோட்டம்: வறட்சிக்கு அஞ்சாத நொச்சி

கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்று திரும்பும் நம் குடும்பங்களுக்கு ஒரு மனக்குறை காத்திருப்பது வழக்கம். பூட்டிய வீட்டைத் திறந்தால், ஆண்டு முழுவதும் அருமையாக வளர்த்த மல்லிகையும் துளசியும் சருகாகி நிற்கும். தில்லியின் அனல் காற்று ஒரு மாதம் வீசிய பின் தொட்டியில் எது மிஞ்சும்? “இந்த மண்ணில் நமக்கு ஒன்றும் வேர் பிடிக்காது” என்று சலித்து, தோட்ட ஆசையையே கைவிட்ட இல்லத்தரசிகள் பலர். அவர்களுக்காகவே இம்மாதம் நொச்சியைப் பற்றி எழுத முற்பட்டோம்.

நொச்சி நம்மவர்க்குப் புதியதன்று. வயல் வரப்பிலும் ஆற்றங்கரையிலும் வேலியாக நிற்கும் புதர் அது. விரித்த கைவிரல்கள் போல ஒரு காம்பில் ஐந்து சிற்றிலைகள், சிலவற்றில் மூன்று. மேற்புறம் பசுமை, கீழ்ப்புறம் சாம்பல் பூத்த வெண்மை. கசக்கினால் எழும் காரமான மணமே அதன் தனி அடையாளம். கிளை நுனிகளில் நீலம் கலந்த ஊதா நிறப் பூங்கொத்துகள் தோன்றும். மதிலைக் காத்து நின்ற வீரர் சூடிய பூ இது. புறப்பொருள் வெண்பாமாலை அத்திணைக்கு நொச்சி என்றே பெயர் தருகிறது.

ஆயினும் நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நொச்சி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இமய மலையின் அடிவாரம் வரை இயல்பாக வளர்வது. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு ‘வைட்டெக்ஸ் நெகுண்டோ’ என்று பெயரிட்டார். இந்தி பேசுவோர் நிர்குண்டி என்றும் சம்பாலு என்றும் அழைப்பர். மராத்தியில் நிர்குடி, வங்காளத்தில் நிசிந்தா, குஜராத்தியில் நகோட், தெலுங்கில் வாவிலி, கன்னடத்தில் லக்கி. ஆகவே ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றி ரயிலில் கொண்டுவர வேண்டுவதில்லை. அண்டை வீட்டாரிடம் அவர்கள் மொழியிலேயே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். செடி அடுத்த தெருவிலேயே இருக்கக்கூடும். வடநாட்டில் தானாக முளைக்கும் கஞ்சாச் செடியை நொச்சி என்று எண்ணி ஏமாறுதல் கூடாது. அதன் இலை விளிம்பு நெடுகிலும் அரம் போன்ற பற்கள் இருக்கும். நொச்சியின் விளிம்பு பெரும்பாலும் வழுவழுப்பானது. தண்டும் கட்டையாக முதிர்வது.

நடுவதற்கு ஏற்ற காலம் மழைக்காலத் தொடக்கம். பென்சில் பருமனுள்ள முதிர்ந்த கிளையில் ஒரு சாண் நீளத்துக்குப் போத்து வெட்டுக. கீழ் இலைகளைக் களைந்து, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு மணல் கலந்த மண்ணில் ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காக்க வேண்டும். தளிர் விட்டு வேர் நன்கு பிடித்ததும், மழை ஓயுமுன் வெயில்படும் இடத்தில் நிலத்தில் நடலாம். வேலிக்கு இரண்டடி இடைவெளி போதும். ஆடு மாடுகள் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை.

வறட்சியைத் தாங்கும் என்பதற்காக முதல் ஆண்டிலேயே பட்டினி போடலாகாது. வேர் ஆழம் செல்லும் வரை வாரம் இருமுறையேனும் நீர் வேண்டும். அடுத்த கோடையிலிருந்து, நிலத்தில் நின்ற செடி நீங்கள் ஊருக்குப் போய்வரும் வரை பொறுத்திருக்கும். தொட்டிச் செடிக்கு அந்த ஆற்றல் இல்லை. வேர் செல்ல வழியில்லாத இடத்தில் எந்தச் செடியும் பாலைவனச் செடியாகிவிடாது. மாடிக் குடியிருப்பில் வளர்ப்போர் பெரிய தொட்டியைத் தேர்ந்து, புறப்படுமுன் அதை நிழலுக்கு நகர்த்தி, நீர் ஊற்ற அண்டை வீட்டாரை வேண்டிக்கொள்வதே முறை.

வடநாட்டுக் குளிரில் சில செடிகள் இலை உதிர்க்கும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடாதீர்கள். பட்டையை நகத்தால் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை இருந்தால் வசந்தத்தில் துளிர்க்கும். பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கத்தரித்தால் புதர் அடர்ந்து வளரும்.

உலர்ந்த இலைகளைத் தானியத்தில் இட்டுப் பூச்சி வராமல் காப்பது நம் பழைய வழக்கம். ஜலதோஷத்துக்கு நொச்சி இலையிட்டு ஆவி பிடிப்பதும் அவ்வாறே. ஆனால் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே சிறு குழந்தையைப் போர்வைக்குள் அமர்த்துவது பேராபத்து. அதைத் தவிர்க்கவே வேண்டும். காய்ச்சல் நீடித்தாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவரிடம் செல்வதே அறிவுடைமை.

வேர் பிடிக்காத மண் என்று நாம் நொந்துகொண்ட இதே மண்ணில், நாம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நொச்சி வேர் கொண்டிருக்கிறது. பெயர் மட்டுமே வேறு. இவ்வாண்டு மழை தொடங்கியதும் ஒரு போத்தை ஊன்றிப் பாருங்கள்.