20 வருடம் டிராக்டர் ஓட்டியவருக்கும் பயிற்சி வேண்டுமா?

'எங்கள் உழவர் குழுவில் 4 டிராக்டர்கள் ஓடுகின்றன. டிரைவர்கள் அனைவரும் லைசென்ஸ் உள்ளவர்கள், 20 வருட அனுபவசாலிகள். இவர்களை மறுபடியும் பயிற்சிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். இரண்டு நாள் வேலை கெடும். இது தேவைதானா?' என்று கேட்டிருக்கிறார், தஞ்சாவூர் மாவட்ட வாசகர் ஒருவர்.

முதலில் சட்டத்தைப் பார்க்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 30 வயதுக்குள் சொந்த உபயோகத்துக்கான லைசென்ஸ் எடுப்பவருக்கு அது 40 வயதுவரை செல்லும். அதாவது, 22 வயதில் எடுத்தவரை 18 வருடங்களுக்கு யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. காலாவதியாகி ஓராண்டுக்குள் புதுப்பித்தால், மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. 40 வயதைத் தாண்டியவர் மருத்துவச் சான்று கொடுத்தால் போதும். ஆக, டிராக்டர் டிரைவருக்குப் புத்தாக்கப் பயிற்சி கட்டாயம் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் பஸ், லாரி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி.

கட்டாயம் இல்லை என்பதால் தேவையில்லை என்று ஆகிவிடாது. காரை ஓட்டிக் காட்டி இலகுரக வாகன லைசென்ஸ் வாங்கியவர், அதே லைசென்ஸில் டிராக்டர் ஓட்டலாம். ஆனால், அந்தச் சோதனையில் ரோட்டவேட்டர் கிடையாது, சேறு கிடையாது, கரும்பு ஏற்றிய டிரெய்லரும் கிடையாது. டிராக்டரில் உயிர் போவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான்.

சேற்றில் சக்கரம் புதைந்தால், பின் சக்கரத்தோடு கட்டையைச் சேர்த்துக் கட்டி, முன் கியரில் ஏறப் பார்ப்பது ஊர்ப்பழக்கம். கட்டை மண்ணில் மாட்டிச் சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், இன்ஜினின் விசை முழுவதும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். கிளட்ச்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து டிரைவர்மீது விழும். ரிவர்ஸ் கியரில் மெதுவாக வெளியே எடுப்பது நல்லது. முடியாவிட்டால், வேறொரு டிராக்டரைக் கொண்டு இழுக்க வேண்டும். இழுக்கும் டிராக்டரில் சங்கிலியைத் தாழ்வான டிராபாரில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் இருக்கும் உயரத்தில் மாட்டினால் அந்த வண்டியும் தூக்கும்.

பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 9 சுற்று. தோளில் கிடக்கும் துண்டின் நுனி சிக்கினால், கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. ஆனாலும், இடைஞ்சலாக இருக்கிறது என்று ஷாஃப்ட் மூடியைக் கழற்றி வைத்திருப்பவர்கள், பெரும்பாலும் அனுபவசாலிகள்தான்.

வயலில் மடக்கித் திருப்புவதற்காக இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியாக விட்டிருப்பார்கள். அப்படியே ரோட்டுக்கு வந்து, வேகத்தில் ஒரு பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி ஒருபக்கமாக இழுத்துக் கவிழும். ரோட்டில் ஏறும் முன் இரண்டையும் கொக்கி போட்டு இணைக்க வேண்டும்.

இன்னொன்று, அனுபவசாலிகளில் பலருக்கும் தெரியாதது. வண்டி கவிழ்ந்தாலும் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டம் உள்ள டிராக்டரில் சீட் பெல்ட் அவசியம் போட வேண்டும். சட்டம் இல்லாத டிராக்டரில் போடக் கூடாது. புதிய டிராக்டர்களுக்கு இந்தச் சட்டத்தை 1959-ம் ஆண்டிலேயே கட்டாயமாக்கிய நாடு ஸ்வீடன். அதன்பிறகு, அங்கே கவிழ்ந்து இறப்பவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். பயிற்சி மட்டுமே உயிரைக் காப்பாற்றிவிடாது. மூடி இல்லாத ஷாஃப்ட், பின்விளக்கு இல்லாத டிரெய்லர் ஆகியவற்றோடு டிரைவரை அனுப்பிவிட்டு, விபத்து நடந்ததும் அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்தச் செலவு உரிமையாளருடையது. மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டச் சொல்லாமல் இருப்பதும் உரிமையாளர் பொறுப்புதான்.

வாசகரின் கவலை இரண்டு நாள் வேலை. அது நியாயமான கவலையே. நடவுப் பருவத்தில் யாராலும் டிரைவரை அனுப்ப முடியாது. மேட்டூர் அணையில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்பு வண்டிகள் ஓய்வாக நிற்கும் நாட்களில் அனுப்பலாம். 4 பேரையும் ஒன்றாக அனுப்பாமல், இருவர் இருவராக அனுப்பினால் வேலை முழுவதும் நிற்காது. பயிற்சி நாட்களுக்கும் கூலி கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் தண்டனையாகத்தான் நினைப்பார்கள். பயிற்சி எங்கே, எப்போது என்ற விவரத்தை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலும், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டம், கார்லதின்னேயில் மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையமும் இருக்கிறது.

வண்டிக்குக் குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் சர்வீஸ் விடுகிறோம். அதை ஓட்டுபவருக்கு மூன்று, நான்கு வருடங்களுக்கு ஒருமுறை இரண்டு நாள் ஒதுக்குவது அதிகம் இல்லை.